பிரேக் பிடித்தால் நீ கூப்பிடுவாய்

நேற்று பாடி மேம்பாலத்துக்குக் கீழே பிரேக் பிடித்தேன். நீ கூப்பிடவில்லை.

குறையாகச் சொல்லவில்லை. கூப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் வண்டியில் திடீரென்று பிரேக் பிடித்தால் ஜெர்மனியில் இருக்கும் உன் போனுக்கு ஓர் எச்சரிக்கை வரும். அதை அணைத்துவிட்டதாகப் போன வாரமே சொல்லிவிட்டாய். இருந்தும் வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பழக்கம். பேருந்துகள் போயின. போன் இருட்டாகவே இருந்தது. திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் நண்பன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்ல வராது. போனில் நீயும் நானும் பேசத் தொடங்கினால் அது பிரேக் பேச்சாகத்தான் முடியும். அதனால் எழுதுகிறேன். நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. பிள்ளை தூரத்தில் இருக்கிற எவரும் படிக்கலாம். அப்பா தூரத்தில் இருக்கிற எவரும் படிக்கலாம்.

நம் வீட்டில் போன் என்பது அம்மாவுடையது. நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து தினமும் அவளோடு பேசினாய். ரசம் ஏன் கசக்கிறது, அங்கே பனி எப்படிக் கொட்டுகிறது, உடன் தங்கியிருப்பவன் என்ன சொன்னான். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்திருப்பேன். பேச்சு முடியப்போகிற இடத்தில் நீ கேட்பாய்: "அப்பா எப்படி இருக்காரு?" அவள், "இதோ உக்காந்திருக்காரு, குடுக்கட்டா?" என்பாள். "வேணாம், கேட்டேன்னு சொல்லு." அவள் என் பக்கம் திரும்பி, "கேட்டானாம்" என்பாள். "நானும் கேட்டேன்னு சொல்லு" என்பேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உனக்கும் இருந்திருக்கும். அவளை நீ, வா, போ என்பாய். என்னை நீங்க என்பாய். இரண்டுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் போன பிறகு நடுவில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாய். சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். அங்க மழையா. இல்லை. மாத்திரை? போட்டேன். பிறகு ஓர் அமைதி. அந்த அமைதியில் உன் பக்கத்துத் தெருவில் ட்ராம் போகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். "சரிப்பா, வைக்கட்டா?" நான் கூப்பிட்டால் நீ எடுத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்னப்பா, ஏதாவது விஷயமா?" வேறெப்படிக் கேட்பாய். விஷயம் இல்லாமல் ஒருவரையொருவர் கூப்பிடும் வழக்கம் நம் வீட்டு ஆண்களுக்கு இருந்ததில்லை. என் அப்பாவை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒண்ணுமில்ல, தெரியாம கை பட்டுடுச்சு" என்று சொல்லி இரண்டு முறை வைத்திருக்கிறேன். கை தெரிந்துதான் பட்டது.

பழைய வண்டியை மாற்றியது உன் முடிவு. அம்மாவின் காரியங்கள் முடிந்ததற்கும் நீ கிளம்பியதற்கும் இடையில் இருந்த நாட்களில், வீட்டில் மாற்ற முடிந்த ஒரே பொருள் அதுதான் என்பதுபோல அதன் பின்னால் அலைந்தாய். "இந்த ட்ரம் பிரேக்கை நம்பி உங்களை விட்டுட்டுப் போக முடியாதுப்பா" என்றாய். அந்த ட்ரம் பிரேக்கை நம்பித்தான் ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று பேர் ஊரெல்லாம் போய் வந்தோம். டாங்க் மேல் நீ. பின்னால் அவள். அதைச் சொல்லவில்லை. எனக்கு அப்போது எதற்கும் தெம்பில்லை. புது வண்டியை வாசலில் நிறுத்தி விளக்கினாய்.

"இதுல ஏபிஎஸ் இருக்குப்பா. வீல் லாக் ஆகாது. ஈரத்துலகூட சறுக்காது. பயமில்லாம அமுக்கலாம்."

"அப்ப பிரேக்கை நான் பிடிப்பேனா, அது பிடிக்குமா?"

"நீங்க பிடிங்க. விடறதை அது பாத்துக்கும்."

"எப்ப விடணும்னு எனக்குத் தெரியும்டா."

"தெரியும்ப்பா. ஆனா உங்களைவிட அது சீக்கிரமா விடும்."

நீ சொன்னது சரி. ஆனாலும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் அதிகம் இல்லை. பிரேக் அதில் ஒன்று. குவார்ட்டர்ஸில் அன்று வண்டி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். தொட்டால் குப்புறத் தள்ளிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருந்தார்கள். காலால் பின் பிரேக்கை மிதித்துத் தேய்த்துக்கொண்டே போய் எதிலாவது முட்டி நிற்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால்தான் சாய்கிறது, முன் சக்கரம்தான் அதை நிறுத்துகிறது என்பது எனக்கும் யாரும் சொல்லி வந்ததில்லை. தொழிற்சாலைக்குப் போகிற வழியில், மழை நாட்களில், கை தானாகக் கற்றுக்கொண்டது. கொஞ்சம் பிடி. சக்கரம் வழுக்குவதற்கு முன் விடு. மறுபடி பிடி. உனக்குக் கால் எட்டியதும் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் உனக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். நீ வெயிலில் வட்டமடித்தாய். நான் நடுவில் நின்று கத்தினேன். பிடி, விடு. பிடி, விடு.

அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து கையை என் தோளில் வைத்திருப்பாள். லாரியை நெருங்கினால் விரல்கள் இறுகும். நான் வேகத்தைக் குறைப்பேன். விரல்கள் தளரும். ஒரு வார்த்தை கிடையாது. என் கைத்திறன் என்று நான் நினைத்திருந்ததில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவள் விரல்களுடையது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்றில் மட்டும் அவள் கறார். கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும். சண்டை போட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். மறந்து தெருமுனை வரை போய்விட்டால் வாசலில் வந்து நிற்பாள், கண்ணாடியில் தெரியும், திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவேன். இப்போது பூட்டைப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்து, எதுவும் சொல்லாமல் கிளம்புகிறேன்.

நீ ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் அம்பத்தூரில் ஒரு கடையில் வண்டியின் சீட்டுக்கு அடியில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை வைக்கச் சொன்னாய். வண்டி எங்கே இருக்கிறது என்று உன் போனில் காட்டும். "திருட்டுப் போனா கண்டுபிடிக்கலாம்" என்றாய். திருட்டுக்காக அல்ல என்று இருவருக்கும் தெரியும். பெட்டி வேறு என்னவெல்லாம் சொல்லும் என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நம் சேக்காட்டுத் தெருவிலேயே ஒரு நாய் குறுக்கே வந்தது. பிடித்தேன். லீவர் என் விரல்களுக்குள் துடித்தது. உள்ளே ஏதோ உயிரோடு இருந்து உதைப்பதுபோல. உடைந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். வண்டி உருண்டது. நாய் பிழைத்ததற்கு அதன் கால்கள் காரணம், நான் இல்லை. ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ப்பா. என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"வண்டி சொல்லிச்சு. திடீர் பிரேக்னு காட்டுது."

"நாய்டா. ஒண்ணுமில்ல. ஆனா பிரேக்ல கோளாறு. கையில துடிக்குது."

நீ சிரித்தாய். அம்மா போன பிறகு உன் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். "அது கோளாறு இல்லப்பா. அதான் ஏபிஎஸ். துடிக்கும்போது விடக் கூடாது. அமுக்கிட்டே இருக்கணும்." பிறகு நீ அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னாய். அங்கே பைக் லைசென்ஸ் தேர்வில் வேகமாக வந்து சட்டென்று நிறுத்திக் காட்ட வேண்டுமாம். நீ பிடித்தாய். துடித்தது. விட்டுவிட்டாய். மறுபடி பிடித்தாய், மறுபடி விட்டாய். கோட்டைத் தாண்டிப் போய் நின்றாய். "உங்களாலதான் ஃபெயில் ஆனேன்" என்றாய். "நான் என்னடா பண்ணேன்?" "பிடி விடு, பிடி விடுன்னு கத்துனீங்களே. மூளைக்கு விடாதன்னு தெரியுதுப்பா. கை கேக்க மாட்டேங்குது." யாரோ வீட்டுப் படியில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். போன் காதில் சுடுகிற வரை பேசினோம்.

அடுத்த முறை அம்பத்தூரில் ஒரு ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றியது. பிடித்தேன். நீ கூப்பிட்டாய். அதுவும் நல்ல பேச்சு.

மூன்றாவது முறை எதுவும் குறுக்கே வரவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. பூந்தமல்லி போகிற சாலையில் பருத்திப்பட்டைத் தாண்டி உள்ளே போனால் ஒரு லேஅவுட் இருக்கிறது. மனை பிரித்து, தார் போட்டு, கல் நட்டு, வீடு ஒன்றும் வராமல் கிடக்கிறது. முகப்பில் பெரிய வளைவு. தெருக்களுக்குப் பெயர்ப்பலகை. ஆள் இல்லை. மாலையில் அங்கே போவேன். உனக்கு அப்போது மதியம். நேர் தெருவில் வேகம் எடுத்து ஒரு விளக்குக் கம்பத்துக்கு நேராக வந்ததும் பிடிப்பேன். நிற்பேன். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். அடிக்கும்.

"இன்னிக்கு என்னப்பா?"

"மாடு."

இன்னொரு நாள் பள்ளம். இன்னொரு நாள் ராங் சைடில் வந்தவன். இந்த ஊரில் எந்தப் பொய்யைச் சொன்னாலும் நம்பலாம். பிறகு நீ பேசுவாய். ட்ராம் தண்டவாளத்தில் மழை நாளில் சக்கரம் வழுக்கிய கதையைச் சொன்னாய். தண்டவாளத்தைச் சாய்ந்தபடி கடக்காதே, வண்டியை நிமிர்த்திக் குறுக்காகக் கட என்று நான் சொன்னேன். உதிர்ந்த இலைகள் ஈரமானால் எண்ணெய் போல இருக்கின்றன என்றாய். இங்கே கட்டட வேலை நடக்கிற இடத்து மணலும் அப்படித்தான் என்றேன். சாய்ந்திருக்கும்போது ஏபிஎஸ் என்ன செய்யும் என்று கேட்டேன். உன் வண்டியில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது என்றாய். நாம் இருவரும் அவ்வளவு பேசியதே இல்லை. அம்மாவைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு முறை, "அம்மாவுக்கு இந்த வண்டி சீட்டு சரிப்படாது, ரொம்ப உசரம்" என்றேன். "ஆமாப்பா" என்றாய். அவ்வளவுதான். ஆனால் பேசினோம்.

அந்த லேஅவுட்டில் எல்லம்மா என்று ஒரு பெண் மாடு மேய்ப்பாள். அந்த ஊர்க்காரி. ஐம்பது வயது இருக்கும். காலியாகக் கிடக்கிற மனைகளில் புல் இருக்கிறவரை அவளுக்குக் கவலையில்லை. கல்லில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"இன்னா நைனா, ஓடுது நிக்குது, ஓடுது நிக்குது. ரிப்பேரு வண்டிக்கா, உனக்கா?"

"பிரேக் பழகறேன்மா."

"இந்த வயசுல. பேரன் பழகுற வயசுல."

அப்போது போன் அடித்தது. உன்னிடம் மாடு என்றேன். அவள் தன் மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். அது தூரத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் பேசி முடிக்கிற வரை காத்திருந்தாள்.

"எம்மாட்டு மேல பயி போட்டுகினு கீற. யாரு, புள்ளயா?"

"ஆமா."

"நீ பிரேக்கு போட்டா அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தாவது பரவால்ல. என் புள்ள அயனாவரத்துல கீறான். மாட்டக் காணோம்டான்னு போன் போட்டன்னா வேல முடிஞ்சதும் ஓடியாந்துருவான். நாலு தெரு தேடுவான். அதுக்குள்ள நான் சோறு வடிச்சி கொழம்பு வச்சிருவேன். மாடு தானா வந்துச்சுடான்னு சொன்னா துன்னுட்டுப் போவான்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு நாளு மெய்யாலுமே மாடு காணாம பூடும். அன்னிக்கு அவன் வர மாட்டான். அதான் பயம்."

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

ஒன்று நடந்தது. பொய்க்காகப் பிடித்த பிரேக்கில் கை மெய்யாகவே பழகிவிட்டது. முதல் சில நாள் லீவர் துடித்ததும் விரல்கள் தாமாக விட்டன. விடாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிடித்தேன். ஆளில்லாத தெருவில் ஒரு கிழவன் விடாதே, விடாதே என்று கத்திக்கொண்டு வருவதை எல்லம்மா மட்டும்தான் பார்த்தாள். பிறகு ஒரு மாலை, துடித்தது, நான் விடவில்லை. வண்டி கோடு போட்டாற்போல நின்றது. இத்தனை வருடமாகப் பிடிப்பதும் விடுவதும் என் வேலை என்று இருந்தேன். இப்போது பாதி வேலை வேறொன்றினுடையது. அதை நம்ப வேண்டியிருந்தது. அவள் விரல்களை நம்பியதுபோல என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை. இது வேறு. இதற்கு என்னைத் தெரியாது.

போன வாரம் நீ கூப்பிட்டபோது பள்ளம் என்றேன். நீ சிரிக்கவில்லை.

"ப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. இவ்ளோ பிரேக் அடிக்கிறீங்கன்னா முன்னாடி இருக்கிறது உங்களுக்கு லேட்டா தெரியுது. கண்ணா, கையான்னு எனக்குத் தெரியல. ஒவ்வொரு தடவை அது அடிக்கும்போதும் மீட்டிங்கை விட்டு வெளிய ஓடறேன். உங்க குரல் கேக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இல்ல. அன்னிக்கு அம்மாவுக்கு இப்படி ஆச்சுன்னு போன் வந்துச்சே. அந்த மாதிரியே இருக்கு ஒவ்வொரு தடவையும்."

நான் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டேன். என்னால முடியலப்பா. ஞாயித்துக்கிழமை வானகரத்துல இருக்கிற என் ஃப்ரெண்டு வந்து வண்டியை எடுத்துக்குவான். இனிமே ஆட்டோல போங்க. சரியா?"

"சரி" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்குப் பதிலாக அங்கேயே இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீ சிரித்துக்கொண்டு கூப்பிடுகிறாய் என்றே நினைத்திருந்தேன். போன் அடிப்பதற்கும் என் குரல் கேட்பதற்கும் நடுவில் நீ எங்கே இருந்தாய் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இங்கே ஒரு விளக்குக் கம்பத்துக்கு நேராக நான் விரலை மடக்கியபோதெல்லாம், அங்கே உனக்கு அம்மா மறுபடி இறந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கண் என்று நீ சொன்னதால் நேற்று பாடிக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். சின்ன எழுத்துக்குத்தான் கண்ணாடி, தூரம் நன்றாகத் தெரிகிறது என்றார்கள். அந்தத் தாளை உன் நண்பனிடம் காட்டலாம் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். மேம்பாலத்தின் கீழே தண்ணீர் லாரி சொட்டிக்கொண்டு போனதில் ரோடு நீளத்துக்கு ஈரம். இடப்பக்கம் ஓரமாக நின்றிருந்த ஓர் ஆட்டோ, கையும் காட்டாமல் விளக்கும் போடாமல், எனக்கு முன்னால் முழுதாகத் திரும்பியது. ஆட்டோவின் மஞ்சள் தவிர வேறெதுவும் கண்ணில் இல்லை. பிடித்தேன். காலும் மிதித்தது. துடித்தது. விடவில்லை. வண்டி வளையவில்லை, வழுக்கவில்லை. ஆட்டோவுக்குள்ளே மடியில் பையை வைத்துக்கொண்டு ஓர் அம்மா. அவர் முகத்துக்கு ஒரு முழம் இப்பால் நின்றேன்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். தப்பு அவருடையது. அதனால் அவர்தான் முதலில் கத்த வேண்டும். இந்த ஊர் வழக்கம்.

"யோவ் பெருசு. ஊட்ல சொல்லிகினு வந்தியா?"

இந்த ஊரில் ரோட்டில் இறங்கிய எல்லோரும் கேட்டிருக்கிற கேள்வி. சாகப் போகிறேன் என்று வீட்டில் விடைபெற்று வந்தாயா என்று அர்த்தம். யாரும் பதில் சொல்வதில்லை. பதிலுக்கு இன்னொரு வசவுதான். நான் பதில் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை.

"ஊட்ல ஆள் இல்லப்பா."

"இன்னாது?"

"சொல்றதுக்கு ஆள் இல்ல. சம்சாரம் போயிட்டா. பையன் ஜெர்மனில இருக்கான்."

பின்னால் பேருந்து ஆரன் அடித்தது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். குரல் இறங்கியது. "அத்தப் போய் நட்ரோட்ல சொல்லிகினு கீறியே. ஓரமா வா பெரியவரே." இருவரும் ஓரம் கட்டினோம். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். மூடியையும் அவரே திறந்துவிட்டார். வண்டியின் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "நான்னா உள்ள பூந்துருப்பேன். செம பிரேக்கு." ஆட்டோவுக்குள்ளிருந்து அந்த அம்மா, "யப்பா, அவரு நல்லாத்தான் கீறாரு. எனக்கு டைம் ஆவுது" என்றார். "பாத்துப் போ. போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அதன் பிறகுதான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெகு நாளைக்குப் பிறகு உனக்குச் சொல்ல மெய்யான விஷயம் இருந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். பெயரைத் தொட்டால் போதும். எல்லம்மாவைப்போல மாட்டைக் காணோம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தேன். போனைப் பையில் வைத்துவிட்டேன்.

இனி வண்டி. ஞாயிற்றுக்கிழமை உன் நண்பன் வரட்டும். அவனை லேஅவுட்டுக்குக் கூட்டிப்போவேன். அவன் எந்த இடத்தில் கை காட்டுகிறானோ அந்த இடத்தில் நிறுத்துவேன். ஈரத்தில் வேண்டுமென்றால் எல்லம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டு நிறுத்துவேன். அவன் பார்த்ததைச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சாவியை அவனிடம் கொடுத்துவிடுவேன், மறு பேச்சு இல்லை. ஆனால் என் கையைப் பார்த்து முடிவு செய். என் பொய்யைப் பார்த்துச் செய்யாதே. எனக்கும் வயது தெரிகிறது. இருட்டியபின் மழையில் எடுப்பதில்லை. முன்னால் போகிற வண்டிக்கு முன்பைவிட அதிக இடம் விடுகிறேன். இடைவெளி விடுவதை எந்தப் பெட்டியும் எனக்காகச் செய்யாது. அது முழுக்க ஓட்டுகிறவன் வேலை. சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்வது ஏபிஎஸ்ஸின் வேலை. நீ சொன்னது சரி, அது என்னைவிடச் சீக்கிரம் விடுகிறது. ஆனால் எங்கே பிடிக்க வேண்டியிருக்கும் என்று அதற்குத் தெரியாது. உன் ஊரில், இலை உதிர்கிற காலத்தில், இரண்டையும் நினைத்துக்கொண்டு ஓட்டு.

எச்சரிக்கையைத் திரும்பப் போடாதே. அது உனக்கு வேண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். வெளியே கிளம்பும்போது உனக்கு ஒரு வரி அனுப்புவேன். வண்டி இருந்தாலும் ஆட்டோவானாலும் நடந்தாலும். திரும்பி வந்ததும் இன்னொரு வரி. அதில் விஷயம் எதுவும் இருக்காது. நீ பதில் போட வேண்டியதில்லை, மீட்டிங்கில் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. வந்து கிடக்கட்டும். யாரிடமாவது சொல்லிவிட்டுப் படி இறங்க வேண்டும், அவ்வளவுதான். வண்டியை எடுக்கும்போது நீயும் எனக்கு அனுப்பினால் அனுப்பு. நான் பார்ப்பேன். எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை.

கடுகு தீர்ந்துவிட்டது. கடை வரைக்கும்தான். கதவைப் பூட்டிவிட்டேன், ஒரு தரம் இழுத்தும் பார்த்துவிட்டேன்.

போயிட்டு வரேன்.